பாயும் தண்ணீர்ப் பானையும் ஒரு விசாரிப்பும்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



நோயாளி ஒருவர் வந்து சேர்ந்ததும், பெயரையும் வயதையும் கேட்ட பிறகு நாங்கள் கேட்கும் கேள்வி, "கூட யார் வந்திருக்கிறார்கள்?" என்பதே. கஞ்சி வாங்கி வர, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓட, இரவில் கை பிடித்துத் தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும். சொந்த ஊரில் படுக்கிறவருக்கு அந்த ஆள் எப்படியும் கிடைத்துவிடுவார். வழிப்பயணத்தில் படுத்துவிடுகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? அதைப்பற்றி இன்று சற்று நேரம் சிந்திப்போம்.

அப்போஸ்தலனாகிய பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது (4:13-15), சரீர சுகவீனத்தின் நிமித்தமே தாம் முதன்முதலில் அவர்களிடம் சுவிசேஷம் அறிவிக்க நேர்ந்ததை நினைப்பூட்டுகிறார். என்ன நோய் என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் தம்மை அருவருக்காமல், தேவதூதனை ஏற்பதுபோல் ஏற்றுக்கொண்டதையே சொல்லுகிறார். மெலித்தா தீவில் கப்பல் உடைந்து 276 பேர் கரையேறியபோது, மழையிலும் குளிரிலும் நின்றவர்களுக்குத் தீ மூட்டிக் கொடுத்தவர்கள் அந்தத் தீவின் மக்கள். அவர்கள் சுவிசேஷத்தைக் கேட்டிராதவர்கள். நாம் கொடுக்கிறவராகவே எண்ணிப் பழகிய பவுல், அங்கே முதலில் பெற்றுக்கொள்ளுகிறவராக இருந்தார்.

இப்படிப் பெற்றுக்கொண்ட இன்னொருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறோம். அவர் ஒரு மருத்துவர். ஸ்காட்லாந்து தேசத்தில் 1771-ல் பிறந்த மங்கோ பார்க். நைகர் நதி எந்தத் திசையில் ஓடுகிறது என்று கண்டறிய, லண்டனிலிருந்த ஆப்பிரிக்கச் சங்கத்தார் 1795-ல் அவரை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1796 ஜூலையில் சேகு என்னும் பட்டணத்தருகே அவர் நதியைக் கண்டார். ஆனால் அரசன் அவரைப் பட்டணத்துக்குள் அனுமதிக்கவில்லை. பகல் முழுவதும் பட்டினியாக ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தவரை, வயலிலிருந்து திரும்பிய ஒரு பெண் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், மீன் சுட்டுக் கொடுத்து, பாய் விரித்துப் படுக்க வைத்தாள். காலையில் அவர் கொடுக்க முடிந்தது, தம் சட்டையில் மிச்சமிருந்த நான்கு பித்தளைப் பொத்தான்களில் இரண்டு மட்டுமே.

திரும்பும் வழியில் கொள்ளையர் அவருடைய உடைமைகளைப் பறித்துக்கொண்டார்கள். செப்டம்பர் மாதத்தில், இன்றைய மாலி நாட்டிலுள்ள கமாலியா என்னும் ஊரில், காய்ச்சலும் கந்தலுமாகப் போய் நின்றார். நோயினால் தோல் மஞ்சளித்துப் போயிருந்தபடியால், இவர் வெள்ளைக்காரர்தானா என்றே அங்கிருந்த சிலர் சந்தேகப்பட்டார்கள்.

அந்த ஊரில் கர்ஃபா தாவுரா என்ற இஸ்லாமிய வியாபாரி இருந்தார். அவர் ஒரு சிறு புத்தகத்தைக் கொண்டுவரச் செய்து, இதை வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். பார்க் திறந்து பார்த்தால், அது இங்கிலாந்து திருச்சபையின் பொது ஜெப புத்தகம்! அவர் வாசித்ததும் கர்ஃபா மிகவும் மகிழ்ந்தார். மழைக்காலம் முடிந்து ஆறுகளைக் கடக்க வழி பிறக்கும்வரை என்னோடு தங்கும் என்றார். ஒரு குடிசை, படுக்கப் பாய், தண்ணீருக்கு ஒரு மண்பானை, குடிக்க ஒரு சுரைக்குடுவை, தம் வீட்டிலிருந்து இரண்டு வேளை உணவு. பார்க் வாரக்கணக்கில் காய்ச்சலில் கிடந்தார். கர்ஃபா தினந்தோறும் வந்து நலம் விசாரித்தார்.

கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை டாக்டர் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-ல். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முந்திய காலம் இது. பாயும், தண்ணீரும், சோறும், ஒரு விசாரிப்புமே அங்கே ஒரு உயிரைத் தாங்கின.

இதோடு நிறுத்தினால் நமக்கு இனிமையாக இருக்கும். ஆனால் கதை இதோடு முடியவில்லை. கர்ஃபா செய்தது அடிமை வியாபாரம். கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் விற்பதற்காக மனிதரைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பார்க்கின் பானைக்குத் தண்ணீர் சுமந்தவர்களும் அடிமைகளே. பராமரிப்புக்கு ஈடாக, ஒரு நல்ல அடிமையின் விலையைக் கரை சேர்ந்ததும் தருவதாகப் பார்க் ஒப்புக்கொண்டிருந்தார்.

1797 ஏப்ரலில் எல்லாரும் புறப்பட்டார்கள். சில நாட்களுக்குள் நியாலி என்ற அடிமைப் பெண்ணுக்கு உடம்பு முடியாமற்போயிற்று. கஞ்சி வேண்டாம் என்றாள். கால் வலிக்கிறது என்றாள். வழியில் தேனீக்கள் கொட்டின. சவுக்கால் அடித்து நடத்தினார்கள், மூங்கில் தூளியில் சுமந்தார்கள், கழுதையின்மேல் ஏற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. கழுத்தை அறுத்துவிடுங்கள் என்று கூட்டத்தார் கத்தினார்கள். கர்ஃபா அதற்குச் சம்மதிக்கவில்லை. ஆனாலும் அவளை வழியிலேயே விட்டுவிட்டார்கள். அவளுடைய ஆடை மாத்திரம் ஒருவனுடைய வில்லின் நுனியில் தொங்கிக்கொண்டு வந்தது. கூட வந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் துக்கத்தால் மறுநாள் முழுவதும் உபவாசமிருந்தார். திரும்பிப் போனவர் ஒருவருமில்லை.

அன்பானவர்களே, நியாலியும் வழியில் நோயில் விழுந்த பயணிதான். அதே பாதை, அதே எஜமான். ஒருவருக்குக் குடிசையும் பாயும் கிடைத்தன. மற்றவளுக்குக் காட்டு வழி. ஒருவர் விருந்தாளி என்றும் மற்றவள் சரக்கு என்றும் எண்ணப்பட்டதே வித்தியாசம். இரக்கம் இல்லாத ஊர் அல்ல அது. அந்த இரக்கம் யார்வரைக்கும் எட்டியது என்பதே கேள்வி.

அந்தப் பயணத்தைப்பற்றிப் பார்க் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். கட்டுண்டு நடந்த அடிமைகள், தங்கள் பெரும் பாடுகளின் நடுவிலும், ஒருவரும் சொல்லாமலே அவருடைய தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்களாம். இரவில் இலை தழைகளைச் சேர்த்து அவருக்குப் படுக்கை போட்டார்களாம். பார்க் பிழைத்து வந்து 1799-ல் புத்தகம் எழுதினார். அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர்களை நாம் அறியோம், கர்த்தர் அறிவார்.

இதை ஏன் இன்று சொல்லுகிறோம்? ஒடிசாவிலிருந்தும், பீகாரிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும், அசாமிலிருந்தும் பிழைப்புக்காக வந்தவர்கள் நம் தமிழ்நாட்டில் கட்டடம் கட்டுகிறார்கள், ஆலைகளில் உழைக்கிறார்கள். வேலை செய்கிறவரைக்கும் அவர்கள் 'ஆட்கள்'. காய்ச்சலில் விழுந்த அன்று அவர்கள் நம் ஊரில் நோயுற்ற பயணிகள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அவர்களுக்குப் பதிலில்லை. வலி எங்கே என்று சொல்ல மொழியும் இல்லை.

உங்கள் காணிக்கைகள் கட்டிலையும் மருந்தையும் தருகின்றன. அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனால் தினந்தோறும் வந்து விசாரிக்கிற ஒரு குரலைப் பணத்தால் வாங்க முடியாது. உங்கள் சபையில் ரயில்வேயிலோ ராணுவத்திலோ பணியாற்றி ஓய்வுபெற்று, இந்தியும் வங்காளமும் அறிந்தவர்கள் இருப்பார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் கட்டிலருகே வந்து உட்காருங்கள். நோயாளியின் வீட்டுக்குப் போன் போட்டு, உங்கள் மகன் எங்கள் பார்வையில் இருக்கிறான் என்று அவன் தாயிடம் சொல்லுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். உங்கள் தெருவில் கட்டட வேலை நடந்தால், இன்றைக்கு வேலைக்கு வராதவன் எங்கே படுத்திருக்கிறான் என்று கேளுங்கள்.

அந்நியனாயிருந்தபோது சேர்த்துக்கொண்டவர்களையும், வியாதியாயிருந்தபோது விசாரிக்க வந்தவர்களையும் நம் ஆண்டவர் ஒரே மூச்சில் சொன்னார் (மத்தேயு 25). வழியில் விழுந்தவர் அந்நியரும் வியாதியஸ்தருமானவர். அவரைத் தேடித் திரும்பிப் போகும் கால்களைக் கர்த்தர் நமக்குத் தருவாராக. ஆமென்.