சிற்றூர்கள் காத்த கொல்லாமை
(விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு சமயம் நிலைபெற வேண்டுமானால் அரசர் துணையும் பெருநகரச் செல்வமும் மக்கள் தொகையும் வேண்டும் என்று உலகத்தார் கருதுவர். காஞ்சியும் மதுரையும் சமணத்தின் பெருநிலையங்களாக விளங்கிய காலம் ஒன்று இருந்தது. அரசர் மாறினர், அந்நகரங்களின் நிலையும் மாறியது. ஆயினும் அருகன் நெறி தமிழகத்தை விட்டு நீங்கவில்லை. ஏரியும் நன்செய்யும் சூழ்ந்த சிற்றூர்களில், ஏர் பிடித்து உழுத நயினார் குடும்பங்களின் இல்லங்களில் அது தங்கியது. அவ்வூர்களின் வரலாறே இவ்வுரையின் பொருள்.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர் குன்றினை அறியாதார் இவ்வவையில் இலர். இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்களும் ஒரே பாறையில் இரு வரிசையாக அங்கு அமைந்துள்ளன. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததை அங்குள்ள பழங்கல்வெட்டு உரைக்கிறது; இளைய பட்டாரகர் 30 நாள் நோன்பிருந்ததை மற்றொன்று உரைக்கிறது. வல்லம் ஒன்றியத்து மேல்சித்தாமூரில் மலைநாதர் கோயிற் பாறையில் பார்சுவநாதரும் பாகுபலியும் யட்சியும் எழுந்தருளியுள்ளனர். அவ்வூரிலேயே ஏழுநிலைக் கோபுரத்தோடு பார்சுவநாதர் ஆலயம் ஓங்கி நிற்கிறது. திருப்பருத்திக்குன்றத்தில் இருந்த மடம் பின்னர் சித்தாமூருக்கு வந்தது என்பது வழிவழிச் செய்தி. ஜினகாஞ்சி என்னும் பெயரை அம்மடம் இன்றும் தாங்கியிருப்பதே அதற்குச் சான்றாகும்.

இவ்வூர்கள் ஒரு காலத்தில் பெருந்துன்பம் உற்றன. 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியர் அச்செய்தியைப் பதிவு செய்துள்ளது. 1478ஆம் ஆண்டில் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்பவன் சமணரிடம் பெண் கேட்டான். கொடுக்க விரும்பாத அவர்கள் இசைந்தவர்போல் நடித்தனர். மணநாளில் மன்னன் வந்தபோது வீடு வெறுமையாக இருந்தது. திண்ணைத் தூணில் ஒரு பெண் நாய் கட்டப்பட்டிருந்தது. சினங்கொண்ட மன்னன் சமணர் அனைவரையும் சிரச்சேதம் செய்ய ஆணையிட்டான். சிலர் மாண்டனர்; சிலர் ஊரை விட்டு ஓடினர்; சிலர் மறைவாக வழிபட்டனர். வேறு சிலர் பூணூல் களைந்து திருநீறு பூசினர். நீறுபூசி வேளாளர் என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது.

இக்கதையில் ஒன்று எண்ணத்தக்கது. மகளைக் கொடுக்க மறுப்பது பெற்றோர் உரிமை. ஆனால் வாக்குக் கொடுத்து ஏமாற்றுவதும், ஒருவனை நாயைக் காட்டி இழிவுபடுத்துவதும் அகிம்சை ஆகா. மனத்தால் செய்யும் தீங்கும் தீங்கே என்பது அருகன் அறம். மன்னனின் கொடுமையை அது நியாயப்படுத்தாது. எனினும் முன்னோர் தம் பிழையையும் மறைக்காமல் வழிவழியாகச் சொல்லி வந்தனர். அந்த நேர்மையைப் போற்றுதல் வேண்டும்.

பின்னர் நடந்தவற்றில் இருவர் முதன்மை பெறுகின்றனர். திண்டிவனத்தை அடுத்த வேலூரில், நீர்நிலையில் சமணச் சடங்கு செய்துகொண்டிருந்த வீரசேனாசாரியார் பிடிபட்டார். அப்போது மன்னனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அம்மகிழ்ச்சியில் அவரை விடுவித்தான். உயிர் தப்பியவர் சிரவணபெளகொளா சென்று துறவு பூண்டு ஆகமங்களைக் கற்றார். தாயனூர்க் காங்கேய உடையார் உடையார்பாளையம் ஜமீன்தாரிடம் அடைக்கலம் பெற்றார், நிலமும் பெற்றார். அவர் அங்கேயே அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் சிரவணபெளகொளா சென்று வீரசேனாசாரியாரை அழைத்து வந்தார். இருவரும் செஞ்சி நாட்டில் ஊர் ஊராக நடந்து, நெறி மாறியோரை மீண்டும் அழைத்தனர். அவ்வழைப்பினால் சமணம் மீண்டும் தழைத்தது. காங்கேய உடையாரின் வழியினர்க்கு விழாக்களில் முதல் தாம்பூலம் அளிக்கும் மரபு அந்நன்றியின் அடையாளம். சித்தாமூர், வீரணாமூர், விழுக்கம், பெருமண்டூர், ஆலகிராமம், வேலூர், தாயனூர் முதலிய ஊர்களின் பிரதிநிதிகள் கூடி மடாதிபதியைத் தேர்ந்தெடுத்தனர் என்றும் அதே நூல் கூறுகிறது. உழவர் ஊர்களே தம் சமயத் தலைவரைத் தேர்ந்தெடுத்த பெருமை அது.

இத்தகைய வரலாறு உலகில் வேறெங்கும் உண்டோ என்று வினவலாம். உண்டு. நெதர்லாந்தின் வடக்கே, கடலோரத்து ஃபிரீஸ்லாந்தில் பிங்யும் என்னும் சிற்றூர் உள்ளது. 1524இல் அவ்வூர்க் கத்தோலிக்கத் தேவாலயத்தில் பணியேற்ற மென்னோ சைமன்ஸ் அருகிலுள்ள விட்மார்சம் என்னும் ஊரில் 1496இல் பிறந்தவர். தாமே உணர்ந்து ஏற்பதே சமயம், வாள் ஏந்துதல் கிறித்து நெறி ஆகாது என்னும் கொள்கையர் அவர். 1536இல் தம் பதவியைத் துறந்தார். அவர்க்கு இடம் கொடுத்த குற்றத்திற்காக உழவர் ஒருவர் 1539இல் கொல்லப்பட்டார். 1542இல் மென்னோவின் தலைக்கு 100 கில்டர் விலை அறிவிக்கப்பட்டது. அவரைப் பின்பற்றியோரே மென்னோனைட்டுகள். பிங்யும் ஊரில் அவர்களது பழைய வழிபாட்டிடம் இன்றும் உள்ளது. வெளியிலிருந்து நோக்கினால் அது ஒரு வீடு. உள்ளே வழிபாட்டுக் கூடம். செஞ்சி நாட்டில் மறைவாக வழிபட்ட முன்னோரின் நிலையை அக்கட்டடம் நினைவூட்டும்.

அதே நெதர்லாந்தில் டிர்க் வில்லம்ஸ் என்பவர், மென்னோனைட்டு மரபினர் தம் தியாகியாகப் போற்றும் ஒருவர், 1569இல் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீரின்மேல் ஓடினார். துரத்தி வந்த காவலன் பனி உடைந்து நீரில் விழுந்தான். வில்லம்ஸ் திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார். அதனால் தாம் பிடிபட்டு எரிக்கப்பட்டார். பகைவன் உயிரையும் உயிரென மதித்த அச்செயலின் பெருமையைச் சமணர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

அவர்களுள் ஒரு பகுதியினர் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். விஸ்டுலா ஆற்றின் கழிமுகத்து ஈரநிலங்களில் வாழ்ந்தனர். 1789 முதல் உக்ரேன் புல்வெளிகளில் ஊர்கள் அமைத்தனர். 1874இல் ரஷ்யப் பேரரசு கட்டாயப் படைச்சேவையை விதித்தபோது, பல்லாயிரவர் படைக்கலம் ஏந்த மறுத்து கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றனர். சென்ற இடங்களிலும் ஊராகவே கூடி வாழ்ந்தனர். நெதர்லாந்திலேயே தங்கியோர் கதை வேறு. அங்குக் கொடுமை ஓய்ந்தது, வாணிகம் பெருகியது, மதிப்பும் வந்தது. அச்செழிப்பின் நடுவே 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் தொகை பெரிதும் சுருங்கியது. தீயும் வாளும் அழிக்க இயலாததை வசதியும் மறதியும் மெல்ல மெல்லக் கரைத்தன.

அன்பர்களே, தமிழ்ச் சமணர் இன்று அஞ்ச வேண்டியது இதற்கே. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் சமணர் 89,265 பேர். வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரும் இதில் அடங்குவர். இன்று எந்த மன்னனும் வாளோடு வரவில்லை. கல்வியும் வேலையும் பிள்ளைகளைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அயல்நாடுகளுக்கும் அழைத்துச் செல்கின்றன. அது குற்றமன்று, காங்கேய உடையாரும் ஊரை விட்டுச் சென்றவரே. அவர் திரும்பி வந்தார் என்பதே அவர் பெருமை.

திரும்புதல் என்பது வேலையைத் துறந்து ஏர் பிடிப்பது என்று பொருள்படாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் தேர்த்திருவிழாவிற்குப் பிள்ளைகளுடன் சொந்த ஊர் சேர்தல். ஊர் ஜினாலயத்தில் நாள்தோறும் பூசை நிகழ, உபாத்தியாயர்க்குத் தக்க ஊதியம் கிடைக்கும்படி குடும்பங்கள் பங்கிட்டுக் கொள்ளுதல். வீட்டுப் பரணில் கிடக்கும் ஏடுகளைச் செல்லரிக்கும் முன் படமெடுத்து வைத்தல். இரவுண்ணாமையின் காரணத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் புரிந்துகொள்ளும் சொற்களில் உரைத்தல். பாட்டன் பாட்டியர் சொல்லும் ஊர்ச் செய்திகளை எழுதி வைத்தல். இவை அனைத்தும் எளியவை. இவற்றுக்கு வேண்டுவது மனம் ஒன்றே.

வேலூரோடும் தாயனூரோடும் தொடர்புடைய இருவர் நடந்து காத்த நெறி இது. வாகனமும் தொலைபேசியும் வாய்த்த தலைமுறை அதனைக் கைவிடலாகாது. சிற்றூர்களின் விளக்குகள் அணையாதிருப்பதாக! கொல்லாமை நெறி உலகெங்கும் ஓங்குவதாக!

வாழ்க அறம்! வளர்க ஜினதருமம்!