அப்பாவின் மூணாவது கிட்னி

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

குழுக் கணக்கு வாசிச்சுத்தான் எனக்குப் பழக்கம். அப்பாவுக்கு மாற்றுக் கிட்னி வச்ச பிறகு வீட்டில் எப்படிப் பார்த்துக்கிட்டேன்னு சொல்லச் சொன்னாங்க.

அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சர்க்கரையும் பி.பி.யும். ரெண்டு கிட்னியும் போயி, வாரம் மூணு நாள் டயாலிசிஸ். அம்மா தன் கிட்னியைத் தர்றேன்னாங்க. அவங்களுக்கும் சர்க்கரை இருந்ததால டாக்டர் வேண்டாம்னுட்டார். அரசுப் பட்டியலில் பதிஞ்சு 3 வருஷம் காத்திருந்தோம். ஒரு ராத்திரி போன் வந்தது. மூளைச்சாவு அடைஞ்ச ஒருத்தரோட கிட்னி. பேரு, ஊரு எதுவும் சொல்ல மாட்டாங்க. ஆபரேஷன் செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போச்சு. பஸ், சாப்பாடு, தங்குற செலவுக்கு நம்ம குழுவில் எடுத்த உள்கடன் 20,000 ரூபாய்தான் கை கொடுத்தது.

பழைய கிட்னியை எடுத்துட்டுத்தான் புதுசு வைப்பாங்கன்னு நிறையப் பேர் கேக்குறாங்க. அப்படி இல்லை. பழசு இருந்த இடத்திலேயே இருக்கு, புதுசை அடிவயித்துல ஒரு பக்கமா வச்சுத் தைச்சிருக்காங்க. அப்பா இப்ப மூணு கிட்னிக்காரர்.

ஆபரேஷனை டாக்டர் பார்த்துக்கிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் நம்ம வேலை. அம்மாவாலயும் முடியாது. எங்க மாமியார்தான், "சம்பந்தியை இங்கேயே கூட்டிட்டு வா"ன்னு முன் அறையை ஒழிச்சு, வெள்ளையடிச்சுக் கொடுத்தாங்க. சாணி, கோழி எச்சம் எதுவும் கிட்ட இருக்கக் கூடாதுன்னதும் எங்க வீட்டுக்காரர் மாட்டைக் களத்துமேட்டுக்கு மாத்திட்டார். பெத்த அப்பாவைப் புகுந்த வீட்டில் வச்சுப் பார்க்க எத்தனை பேருக்குக் கொடுத்து வச்சிருக்கு, சொல்லுங்க.

புதுக் கிட்னியை உடம்பு அந்நியம்னு நினைச்சுத் தாக்கும். அதைத் தடுக்கத்தான் காலை 9 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும் மாத்திரை. உயிர் இருக்கிற வரைக்கும் அது உண்டு. ரத்தத்தில் மருந்து அளவு பார்க்கிற அன்னிக்கு மட்டும் ரத்தம் கொடுத்துட்டு அப்புறம் காலை மாத்திரை. இந்த மாத்திரையால நோயைத் தடுக்கிற சக்தி குறையும். நமக்கு வர்ற சாதாரண சளி அவருக்குப் பெரிய ஆபத்து.

குழு நோட்டு மாதிரியே ஒரு நோட்டுக்குக் கோடு போட்டேன். எடை, பி.பி., காய்ச்சல், குடிச்ச தண்ணி, போன சிறுநீர். மகள் சிறுநீரை அளக்கிறாளேன்னு அப்பா முதல்ல கூசிப்போயி முகத்தைத் திருப்பிக்குவார். ரெண்டு வாரத்தில் அவரே, "ஏம்மா, இன்னிக்கு எழுதிட்டியா?"ன்னு கேட்க ஆரம்பிச்சுட்டார்.

மூணாம் மாசம் உடம்பு தேறினதும் வம்பு வந்தது. சொந்தக்காரர் ஒருத்தர் வேர்ப்பொடி கொண்டு வந்து, "இவ்வளவு மாத்திரை தின்னா இந்தக் கிட்னியும் போயிடும், இதைக் குடிங்க"ன்னார். அப்பாவுக்கும் மாத்திரை சலிச்சுப்போச்சு. கை நடுங்குது, முகம் உப்புது, சர்க்கரை ஏறுதுன்னு அவருக்கு வருத்தம். அன்னிக்கு ராத்திரி மாத்திரை வேண்டாம்னுட்டார். நான் கத்தலை. "அப்பா, இது நம்ம வீட்டுச் சொத்தில்லை. யாரோ ஒரு வீட்டில் அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது"ன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம் தண்ணி டம்ளரைக் கேட்டு வாங்கினார். பொடியை மாமியார் குப்பையில் கொட்டிட்டாங்க.

அடுத்த மாசமே ஒரு ராத்திரி காய்ச்சல் 101. விடியட்டும்னு நான் காத்திருக்கலை, நோட்டையும் எடுத்துக்கிட்டுக் கார் பிடிச்சுட்டோம். சிறுநீரில் கிருமி. கிரியாட்டினின் 2.1க்கு ஏறிடுச்சு. 9 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். நம்ம குழுப் பெண்கள் என் பிள்ளைகளுக்கு முறை வச்சுச் சோறு போட்டாங்க. அந்த மாசத் தவணையையும் அவங்களே கட்டியிருக்காங்க, எனக்குச் சொல்லக்கூட இல்லை.

இப்ப 2 வருஷம் ஆச்சு. கிரியாட்டினின் 1.3. கடன் போன மாசம் முடிஞ்சது.

அப்பாவும் வந்திருக்கார். கூட்டம்னு உள்ளே கூட்டிட்டு வரலை, மாஸ்க் போட்டுக்கிட்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கார். பார்க்கணும்னா வாங்க. சளி, இருமல் இருக்கிறவங்க மட்டும் கொஞ்சம் எட்ட நின்னு பேசுங்க.