பெட்டி சின்னது, குரல் சின்னதல்ல

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், சொந்தமாக மைக் செட் வைத்திருக்கும் குழுவின் ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டதும் ஆடு வளர்ப்பு பத்தியா, சோப்பு தயாரிப்பு பத்தியான்னு கேட்டேன். "உங்க மைக் செட் பத்திப் பேசு. நிறைய குழுவில் அந்த மாதிரி சக்கரம் வைத்த பெட்டி வாங்கியிருக்காங்க. எல்லாரும் சத்தம் பத்தலைங்கறாங்க" என்று தலைவி அக்கா சொன்னாங்க. அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை. எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் ஒழுங்காக வரவில்லை என்று எங்கள் குழு அக்கா ஒருத்தர் நோட்டில் எழுதி வைத்துப் பேச எழுந்தார். எங்கள் பெட்டியைத்தான் கொண்டு போயிருந்தோம். மேசைக்குக் கீழே தரையில் வைத்துவிட்டோம். அக்கா வாயைத் திறந்ததும் 'கொய்ங்'னு ஒரே கத்தல். வால்யூமைக் குறைத்தால் கேட்கவில்லை, ஏற்றினால் ஊளையிடுது. பின்னால் இருந்து யாரோ, "பொம்பளைக் குரல் எடுபடாதும்மா, எழுதிக் குடுத்துட்டு உட்காரு" என்றார்கள். அக்கா உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் விஷயம் தீர்மானத்தில் ஏறவே இல்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெட்டி குழுவின் பொது நிதியில் வாங்கியது. பெரிய பெட்டி வாங்கலாமா என்று குழுவில் பேச்சு வந்தது. பக்கத்து ஊரில் மைக் செட் வாடகைக்கு விடும் ஒரு அண்ணனிடம் விலை விசாரிக்கப் போனேன். அவர் சிரித்தார். "பெட்டியில குத்தம் இல்ல தங்கச்சி, வச்ச இடத்துலதான் குத்தம்" என்றார். அவர் சொல்லிக் கொடுத்ததையும், நாங்கள் செய்து பார்த்ததையும் சொல்கிறேன்.

முதல் விஷயம், வாட்ஸ் கணக்கு. பெட்டி மேல் பெரிய எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பார்கள். அதை நம்பாதீங்க. 'ஆர்.எம்.எஸ்.' எத்தனை வாட்ஸ் என்று கேளுங்க, அதுதான் உண்மையான பலம். அந்த வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினாலும் காதுக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம் தெரியும். சத்தம் இரண்டு மடங்கு போல் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அவ்வளவு பணத்துக்கு நாம் எங்கே போவது?

ஆனால் காசில்லாமல் சத்தம் ஏற்ற வழி இருக்கிறது. அதுதான் இரண்டாவது விஷயம். வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்த மைக்கை அரைச் சாணுக்குக் கொண்டு வாங்க. நாலு மடங்கு வாட்ஸ் போட்ட பலன் கிடைக்கும். நாம் வெட்கப்பட்டு மைக்கைத் தள்ளிப் பிடிக்கிறோம், இல்லையா? மூன்று விரல் அகலத்தில் பிடிங்க, பேசி முடிக்கும் வரை அதே தூரத்தில் வைங்க. மைக்கின் உருண்டைத் தலையைக் கையால் பொத்தாதீங்க. பொத்தினால் ஊளையிடும். கைப்பிடியைத்தான் பிடிக்கணும்.

மூன்றாவது, பெட்டியின் உயரம். மேலே போகிற மெல்லிய சத்தத்தை மனுஷ உடம்பும் சேலைத் துணியும் உறிஞ்சிக் கொள்ளும். தரையில் வைத்தால் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்கும். ஸ்டாண்டு இல்லையா? உறுதியான மேசை மேல் ஆடாமல் வைத்துக் கட்டுங்க. உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு மேல் பெட்டியின் வாய் தெரியணும்.

நாலாவது, பேசுபவர் பெட்டிக்குப் பின்னால் நிற்கணும். பெட்டியில் வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போவதால்தான் அந்தக் கத்தல். பெட்டி முன்னால், ஜனத்தைப் பார்த்து. மைக் பின்னால். கூட்டம் நீளமாக உட்கார்ந்திருந்தால் பெட்டியையே இன்னும் முன்னால் தள்ளுங்க. திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கு ஆனால், சத்தம் கால் பங்கு வாட்ஸில் ஓடுகிற மாதிரி குறைந்துவிடும்.

ஐந்தாவது, குமிழ்கள். பேச்சுக்கு பேஸைக் குறைங்க, டிரபிளைக் கொஞ்சம் ஏற்றுங்க, எக்கோவை முழுக்க அணைங்க. க, ச, த, ப போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அந்த மெல்லிய சத்தம்தான். பேஸ் தூக்கலாக இருந்தால் 'எழுநூறு' என்று கணக்கு வாசித்தாலும் 'எண்ணூறு' என்று கேட்கும். நம்ம பெண்கள் குரலில் அடிச் சத்தம் குறைவு. அதனால் பேஸைக் குறைப்பதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கும்மிப் பாட்டு, மேளம் என்றால் மட்டும் பேஸை ஏற்றுங்க. பெட்டியைச் சுவரோரம் வைத்தாலே சத்தம் கனமாக வரும்.

ஆறாவது, சார்ஜ். பேட்டரி இறங்கினால் குரல் கரகர என்று உடையும். முதல் நாள் ராத்திரியே முழு சார்ஜ் ஏற்றுங்க. வாடகைக்குப் போகாத மாதத்திலும் ஒருமுறை ஏற்றணும். காலியாகவே கிடந்தால் பேட்டரி வீணாகிவிடும். கார்ட்லெஸ் மைக்குக்கு மாற்று பேட்டரி பையில் இருக்கட்டும். வெளியில் காற்று அடித்தால் மைக் தலைக்குப் பஞ்சு உறை போடுங்க.

கடைசியாக ஒரு சோதனை. 'ஹலோ, ஹலோ' என்று சொன்னால் போதாது. கடைசி வரிசையில் ஒருத்தரை நிறுத்தி, மைக்கில் நாலு பெயர், நாலு தொகை சொல்லுங்க. அவர் அப்படியே திருப்பிச் சொன்னால்தான் பெட்டி சரி. ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. வாடகைக்கு விடும்போது அதையும் சொல்லி விடுங்க.

2025 ஜனவரி 26 கிராம சபைக்கு அதே பெட்டியைக் கொண்டு போனோம். பள்ளிக்கூட மேசை மேல் ஏற்றி வைத்தோம். அக்கா முதலில் மாட்டேன் என்றார். மைக்கைக் கையில் கொடுத்து, எவ்வளவு பக்கத்தில் பிடிக்கணும்னு காட்டினேன். அக்கா கத்தவே இல்லை, வீட்டில் பேசுகிற மாதிரிதான் பேசினார். புளியமரத்தடியில் நின்று கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர் விஷயம் தீர்மானத்தில் ஏறியது. குழாயில் இன்னும் தினமும் வரவில்லை, அதையும் உள்ளபடி சொல்லணும். ஆனால் இப்போது எழுத்தில் இருக்கிறது, அதைக் காட்டிக் கேட்கலாம்.

சகோதரிகளே, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. அடுத்த சபைக்குப் போகும் முன்னால் குழுக் கூட்டத்தில் எல்லோரும் ஒருமுறை மைக் பிடித்துப் பழகுங்க. இனி யாராவது குரல் எடுபடாது என்று சொன்னால் உட்காராதீங்க. பெட்டியை மேலே ஏற்றுங்க, மைக்கைக் கிட்டே பிடிங்க, பேசுங்க.