புள்ளி எண்ணாத இயந்திரம்

(அறுகம்பேயில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாலிபர் சங்க மேடையில் விளையாட்டுப் பெட்டியைப் பற்றியா பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். அப்பெட்டியில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஆதலாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

1958ஆம் ஆண்டு ஒக்டோபரில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்திலே, பார்க்க வருவோர் சலிப்படையாதிருக்கும் பொருட்டு, வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிக அறிஞர் சிறு திரையொன்றில் டென்னிஸ் விளையாட்டை அமைத்தார். அணுகுண்டு ஆக்கத்திற் பங்குகொண்டு, பின்னர் அணுவாயுதக் கட்டுப்பாட்டுக்காக உழைத்தவர் அவர். ஆயினும் அவ்விளையாட்டு ஆய்வுகூடத்தோடு நின்றுவிட்டது. வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாட்டைக் கொண்டுவந்தவர் ரால்ஃப் பேயர். ஜெர்மனியில் யூதக் குடும்பத்திற் பிறந்து, ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1938இல் அமெரிக்கா சேர்ந்தவர். அவர் கண்ட பெட்டியை 1972இல் மக்னவொக்ஸ் நிறுவனம் 'ஒடிசி' என்னும் பெயரால் விற்றது.

அப்பெட்டியின் டென்னிஸ் எத்தகையது? ஆடுவோர் இருவரும் இரண்டு வெள்ளைப் பொட்டுகள். பந்தும் ஒரு பொட்டே. நிறமில்லை, ஓசையில்லை. ஆடுகளத்தின் கோடுகள் வரைந்த பிளாஸ்டிக் தாளைத் திரைமீது ஒட்டிக்கொள்ள வேண்டும். தனியே ஆட முடியாது. எதிரே மற்றொருவர் வேண்டும். எல்லாவற்றிலும் வியப்பு, அவ்வியந்திரத்துக்குப் புள்ளி எண்ணத் தெரியாது! பந்து கோட்டைத் தாண்டியதா, யாருக்குப் புள்ளி என்பதை ஆடுவோரே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

அக்காலத்தில் நம் நாட்டிலே தொலைக்காட்சி இல்லை. 1979இற்றான் ஒளிபரப்புத் தொடங்கியது. ரூபவாஹினி 1982இல் வந்தது. ஆயினும் அவ்விளையாட்டின் தருமம் நமக்குப் புதிதன்று. இக்கரை மணலிற் காலாற் கோடு கீறிக் கிளித்தட்டு மறிக்கவில்லையா? தொட்டதா, தொடவில்லையா என்பதற்கு ஆடுவோர் வாய்ச்சொல்லே சாட்சி. பொய் சொன்னவனோடு மறுநாள் ஆட ஆளிருக்காது.

சென்ற விடுமுறையில், அந்த டென்னிஸைப் போலச் செய்த ஒன்றைப் பொத்துவில் நண்பரொருவருடன் கணினியில் ஆடிப் பார்த்தோம். புள்ளியைக் கொப்பியிற் குறித்தோம். பந்தொன்று கோட்டைத் தாண்டியதா என்று வழக்கெழுந்தது. வழக்கு முற்றி, "உங்கட ஆக்கள் எப்பவும் இப்பிடித்தான்" என்ற சொல் வந்துவிட்டது. வெட்கத்தோடு கூறுகின்றோம், அச்சொல் எமது வாயிலிருந்தே வந்தது.

நண்பர் பேனையைக் கீழே வைத்தார். சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "மச்சான், பந்து உள்ளுக்குத்தான். புள்ளி உனக்கு. ஆனா அந்தச் சொல்லை நீ திருப்பி எடு" என்றார். எடுத்தோம். அதன் பின்னரே ஆட்டம் தொடர்ந்தது.

எண்ணிப் பாருங்கள்! ஒரு வெள்ளைப் பொட்டுக்காக ஓர் ஊரையே, ஓரினத்தையே குற்றவாளியாக்கத் துணிந்தோம். வயலிலும் கடலிலும் வழக்குகள் எழுவது இயல்பு. அவ்வேளைகளில் எத்தனை முறை இச்சொல்லை இருபுறத்தாரும் சொல்லியிருப்போம்?

1972ஆம் ஆண்டின் இறுதியிலேயே அட்டாரி நிறுவனத்தின் 'பொங்' வந்தது. அது தானே புள்ளியை எண்ணிற்று. இன்று கைத்தொலைபேசியில் எதிராளியும் வேண்டியதில்லை. இயந்திரமே எதிர்த்து ஆடும், தீர்ப்பும் கூறும். வசதிதான். ஆனால் "பந்து உள்ளுக்குத்தான்" என்று தமக்கு நட்டமாகும் உண்மையைச் சொல்லும் பழக்கத்தை எந்த இயந்திரம் நமக்குக் கற்றுத்தரும்?

வாலிபர்களே! மாலையில் ஒரு மணி நேரமாவது மணலுக்கு வாருங்கள். கோட்டை நாம் கீறுவோம். மறுபுறத்துக்குப் பொத்துவில் நண்பர்களை அழைப்போம். நடுவர் வேண்டாம்.