கடல் கடந்த துணையும் வரிப் படிவமும்

(தமிழ் பேசும் குடியிருப்பாளருக்கான வருமான வரி விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வரிப் படிவத்தின் முதற் பக்கத்திலேயே ஒரு சிறிய கேள்வி உண்டு. உங்கள் மணநிலை யாது என்பதே அக்கேள்வி. பெரும்பாலானோர் நொடிப்பொழுதில் விடையளித்துவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுவர். ஆனால் கணவரையோ மனைவியையோ கனடாவுக்கு அழைக்க அனுசரணை விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருப்போருக்கு அந்தக் கேள்வி அத்தனை எளிதன்று. இன்று அதைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன்.

நம்மவர் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஸ்காபரோவில் வசிக்கும் மகன் நவம்பர் மாதம் யாழ்ப்பாணம் செல்கிறார். பதிவாளர் முன்னிலையில் திருமணம் பதிவாகிறது. இரு வாரங்களில் அவர் தனியே திரும்பி வருகிறார். தாலி கட்டும் சடங்கு மணமகள் இங்கு வந்தபின் நல்ல நாள் பார்த்து நடைபெறும் என்பது இரு வீட்டாரின் முடிவு. வசந்த காலத்தில் வரிப் படிவம் நிரப்பும்போது அவர், "எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே" என்று கூறித் "திருமணமாகாதவர்" எனக் குறித்துவிடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. தம் மனத்தில் உள்ளதையே சொல்கிறார். ஆயினும் சட்டத்தின் கண்ணில் அவர் பதிவு நாளிலிருந்தே திருமணமானவர்.

கனடாவில் மணநிலை டிசெம்பர் 31 ஆம் நாளன்று உள்ளபடியே குறிக்கப்பட வேண்டும். நவம்பரில் பதிவு நடந்திருந்தால், அந்த ஆண்டுக்கான படிவத்திலேயே "திருமணமானவர்" என்று எழுத வேண்டும். துணை எந்த நாட்டில் இருக்கிறார் என்பது இதை மாற்றாது.

மற்றொரு தவறும் நிகழ்வதுண்டு. "அவர் அங்கே, நான் இங்கே, பிரிந்துதானே வாழ்கிறோம்" என்று கருதிப் "பிரிந்து வாழ்பவர்" என்னும் கட்டத்தில் அடையாளமிடுவோர் உளர். வரிச் சட்டத்தில் அச்சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. உறவு முறிந்த காரணத்தினால் 90 நாட்களோ அதற்கு மேலோ தனித்து வாழ்வோரையே அது குறிக்கும். விசாவுக்காகக் காத்திருப்பது உறவு முறிவன்று.

அமெரிக்காவில் உள்ள உறவினரின் அறிவுரையும் சிலரைக் குழப்புகிறது. அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே படிவம் கொடுக்கலாம், தனித்தனியாகவும் கொடுக்கலாம், அதற்கெனத் தாக்கல் நிலைகள் உள்ளன. கனடாவில் அத்தகைய தெரிவு இல்லை. இங்கே ஒவ்வொருவரும் தத்தம் படிவத்தையே தாக்கல் செய்கின்றனர். ஆயினும் அதில் துணையின் விவரத்தையும், அவர் உலகில் எங்கு ஈட்டியதாயினும் அவருடைய நிகர வருமானத்தையும் கனடிய டொலரில் குறிப்பிட வேண்டும். துணைக்கு இங்கே சமூகக் காப்புறுதி இலக்கம் இல்லை என்பது அவரைக் குறிப்பிடாமல் விடுவதற்குக் காரணமாகாது.

உண்மையை எழுதினால் நட்டம் வருமோ என்று அஞ்சுவோர் பலர். பலருக்கு நன்மையே உண்டு. வெளிநாட்டில் உள்ள துணை உங்கள் ஆதரவில் வாழ்பவராயின், 30300 ஆம் வரியில் துணைக்கான வரிக்கழிவைக் கோரலாம். 2024 ஆம் ஆண்டுக்கு அதன் உச்சத் தொகை பொதுவாக 15,705 டொலராக இருந்தது. துணைக்கு வருமானமே இல்லையெனில், அவ்வாண்டில் 15 விழுக்காட்டில் ஏறத்தாழ 2,355 டொலர் கூட்டாட்சி வரி குறைந்தது. துணையின் வருமானம் ஏற ஏற இத்தொகை இறங்கும். அவர் தம் நாட்டில் போதிய வருமானம் உடையவராயின், நீங்கள் அனுப்பும் பணம் அன்பளிப்பாகவே கருதப்படும், கழிவு கிடைக்காது.

இக்கழிவைக் கோருவோர் சான்று வைத்திருக்க வேண்டும். அனுப்பியவர் பெயர், பெறுநரின் பெயரும் முகவரியும், தொகை, நாள் ஆகியன சான்றில் தெளிவாக இருத்தல் வேண்டும். வங்கி வழியாகவோ பதிவுபெற்ற பணமாற்று நிறுவனம் வழியாகவோ அனுப்பினால் பற்றுச்சீட்டு கையில் இருக்கும். உண்டியலில் அனுப்பிய பணம் வீடு சேர்ந்திருக்கலாம். ஆனால் வரி அலுவலர் கேட்கும்போது காட்டுவதற்கு ஒன்றும் இராது.

பிள்ளைகளுடன் இங்கு தனித்திருக்கும் தாய்மார் இதனைக் கவனிக்க வேண்டுகிறேன். கனடா பிள்ளைகள் நலக்கொடுப்பனவு குடும்பத்தின் மொத்த நிகர வருமானத்தைக் கொண்டு கணிக்கப்படுகிறது. வெளிநாட்டில் உள்ள கணவரின் வருமானமும் அதில் அடங்கும். அதனைத் தெரிவிப்பதற்கென்றே சி.டி.பி.9 என்னும் படிவம் உண்டு. கணவரைக் குறிப்பிடாமல் தனித்தாய் எனப் பதிந்து கூடுதலாகப் பெற்ற தொகையைப் பின்னர் திருப்பிச் செலுத்த நேரிடும். பல ஆண்டுத் தொகை ஒரே கடிதத்தில் கேட்கப்படும்போது குடும்பம் நிலைகுலைந்து போகும்.

வரியுடன் இது முடிவதில்லை. அனுசரணை விண்ணப்பத்தில் திருமண நாளை நீங்களே எழுதிக் கையொப்பமிடுகிறீர்கள். அதே ஆண்டின் வரிப் படிவத்தில் திருமணமாகாதவர் என்றும் கையொப்பமிட்டிருந்தால், ஒரே அரசின் இரு திணைக்களங்களிடம் இரு வேறு கூற்றுகள் இருக்கும். திருமணத்தின் உண்மைத்தன்மையை ஆராயும் அலுவலருக்கு ஐயம் எழ நாமே இடம் கொடுத்ததாகும். அதன் சுமையைத் தாங்குபவர் அங்கே காத்திருப்பவரே.

பெற்றோரை அழைக்க விரும்புவோருக்கும் ஒரு சொல். அதற்குப் பொதுவாக மூன்று வரி ஆண்டுகளின் வருமானம் மதிப்பீட்டு அறிவித்தல்களின் வழியே பார்க்கப்படுகிறது. குடும்ப எண்ணிக்கையில் உங்கள் துணையும் சேர்வார். கியூபெக் மாகாணத்துக்கு வெளியே பெற்றோருக்கான பொறுப்புறுதி 20 ஆண்டுகள். துணைக்கானது 3 ஆண்டுகள். ஆயினும் பொறுப்பேற்றுக்கொண்டதனால் மட்டும் வரிக்கழிவு கிடைத்துவிடாது. ஊரிலேயே வாழும் பெற்றோருக்கு அனுப்பும் பணத்துக்கு இங்கே கழிவு இல்லை.

இனி, முன்னரே தவறாக எழுதியவர்கள் என்ன செய்யலாம்? அஞ்ச வேண்டாம், ஆனால் காலம் தாழ்த்தவும் வேண்டாம். மறுபடியும் புதிய படிவம் அனுப்பாதீர்கள். கனடா வருமான முகவரகத்தின் இணையக் கணக்கின் வழியாகவோ, டி1 திருத்தப் படிவத்தின் வழியாகவோ பழைய படிவத்தைத் திருத்தலாம். கடந்த 10 ஆண்டுகள் வரையிலான படிவங்களுக்கு இவ்வாய்ப்பு உண்டு. மணநிலை மாற்றத்தை ஆர்.சி.65 படிவத்தின் மூலம் தெரிவிக்கலாம். பிள்ளைகள் நலக்கொடுப்பனவு பெறுவோர், மாற்றம் நிகழ்ந்த மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் அதனை அறிவிக்க வேண்டும். திருப்பிக் கட்டவேண்டிய தொகை பெரிதாயின் தவணை ஒழுங்கு கேட்கலாம்.

துணை இங்கு வந்து சேர்ந்த ஆண்டில், வந்த நாளிலிருந்து அவரும் தம் பெயரில் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். வேலை கிடைக்கவில்லையாயினும் செய்யுங்கள். அரச கொடுப்பனவுகளுக்கு அதுவே அடிப்படை. தாக்கலுக்கான இறுதி நாள் ஏப்ரல் 30. சுயதொழில் செய்வோருக்கும் அவர்தம் துணைக்கும் ஜூன் 15. ஆயினும் செலுத்த வேண்டிய வரியை அவர்களும் ஏப்ரல் 30க்குள் செலுத்த வேண்டும்.

குறைந்த வருமானமும் எளிய கணக்கும் உடையோருக்குத் தன்னார்வலர்கள் கட்டணமின்றிப் படிவம் நிரப்பித் தருகின்றனர். அருகிலுள்ள இடத்தை அறிய 211 என்னும் எண்ணை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் எனக் கேளுங்கள். செல்லும்போது திருமணப் பதிவுச் சான்றிதழையும், துணையின் வருமான விவரத்தையும், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். படிவம் நிரப்புபவர் கேட்காவிடினும், "என் துணை வெளிநாட்டில் இருக்கிறார்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். யார் நிரப்பினாலும் கையொப்பம் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையதே.

தாலிக்கு நல்ல நாள் பார்ப்பது நம் மரபு. அந்த நாள் வரட்டும். ஆனால் வரிப் படிவம் அதுவரை காத்திருக்காது. பதிவேட்டில் எழுதிய நாளையே படிவத்திலும் எழுதுங்கள்.