வாய் இறுக்க நோயும் இரத்தப் பரிசோதனையும்



வாயிலில் தாம்பூலப் பை காத்திருக்கும் விழாவில் பாக்கைக் குறை கூற எழுந்துள்ளோம். பொறுத்தருள வேண்டுகிறோம்.

பாக்கு மெல்லுவோரைப் பற்றும் நோயொன்று உண்டு. காரம் பட்டால் வாய் எரியும். கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார் நாராய் இறுகும். நாளடைவில் மூன்று விரல்களைப் பற்களிடையே நுழைக்க இயலாது போகும். 'சப்மியூகஸ் பைப்ரோஸிஸ்' என்பர் மருத்துவர். 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பார் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்மணிகள் ஐவரிடம் இதனைக் கண்டுரைத்தார். மறு ஆண்டே, அந்நாளைய பம்பாயில் ஜோஷி என்னும் மருத்துவர் இதனை விவரித்தார்.

இந்நோயாளரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வுகள் பலவற்றில் ஹீமோகுளோபினும் இரும்புச் சத்தும் குறைந்து காணப்படுகின்றன. 100 மில்லி லிட்டருக்கு ஆடவர்க்கு 13 கிராமுக்கும், கருவுறாப் பெண்டிர்க்கு 12 கிராமுக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால் அது சோகை. எரியும் வாய் உணவை மறுப்பது ஒரு காரணம். நாராக இறுகும் கொலாஜன் என்னும் புரதத்தை ஆக்குவதில் உடல் இரும்பைச் செலவிடுகிறது என்பர் சிலர். இரும்புக் குறைவே முந்தியது, அதனால் மெலிந்த தோலினூடே பாக்கின் நஞ்சு எளிதில் இறங்குகிறது என்பர் வேறு சிலர். இவை ஒன்றையொன்று வளர்ப்பன என்பதே எம் கருத்து.

செம்போ பல ஆய்வுகளில் மிகுந்திருக்கிறது. இதில் வியப்பில்லை. பாக்கிலேயே செம்பு அதிகம். மெல்லும்போது உமிழ்நீரில் அது கரைகிறது. கொலாஜன் இழைகளைப் பிணைத்து இறுக்கும் என்ஸைம் செம்பின்றி இயங்காது.

இரும்பு மாத்திரையை விழுங்கிக்கொண்டே பாக்கையும் மெல்லுவார் உளர். ஹீமோகுளோபின் தேறலாம், இறுகிய வாய் அதனால் திறவாது. "இரத்தம் சுத்தம்" என்று அறிக்கையைக் காட்டி அடுத்த பொட்டலத்தைப் பிரிப்பவர் அவரினும் இரங்கத்தக்கவர். இச்சோதனை உடலின் இழப்பைக் கூறுமேயன்றி, நோய் இல்லையென்று சான்று தாராது; புற்று வருமா என்பதையும் உரையாது. எர்ணாகுளம் மாவட்டத்தில் 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பெற்ற இந்நோயாளர் 66 பேருள் 5 பேருக்கு வாய்ப்புற்று கண்டது. புகையிலை கலவாத வெறும் பாக்கும் புற்றை விளைப்பதே என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட நூல் கூறுகிறது.

பாக்கை இன்றே நிறுத்துங்கள். மாதந்தோறும் கண்ணாடி முன் நின்று, மேற்பல் நுனிக்கும் கீழ்ப்பல் நுனிக்கும் உள்ள இடைவெளியை அளந்து, இரத்த அறிக்கையின் ஓரத்திலேயே குறித்து, அத்தாளையே மருத்துவரிடம் நீட்டுங்கள்.