கல்லும் அதன் இடமும்
(ஆவடியில் ஆற்றிய உரை)



என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகின்றேன். பல்லாண்டுகட்கு முன் மாணாக்கருடன் பூண்டிப் பக்கம் சென்ற யான், ஓடைக்கரையில் கிடந்த கற்கோடரி ஒன்றை எடுத்து வந்தேன். நெடுநாள் அது என் மேசைமேல் தாள் பறவாமற் காத்துக் கிடந்தது. பின்னர் ஒருநாள் பெருமிதத்தோடு காட்சியகம் ஒன்றிற்குக் கொண்டு சென்றேன். காப்பாட்சியர் கல்லை நோக்குமுன் என்னை நோக்கி, "எவ்விடம்? எம்மண்ணடுக்கு?" என்றார். யான் வாய் திறந்திலேன்.

காப்பாட்சியர் பணி பொருளைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதன்று; பொருளையும் அதன் இடத்தையும் பிரியாமற் காப்பது என அன்றே அறிந்தேன். கல்லின்மேல் எண்ணிட்டு, அவ்வெண்ணுக்கு நேராக ஊர், ஓடை, ஆழம், நாள் யாவும் பதிவேட்டில் ஏற்றுகின்றனர். ஏடு தொலைந்தால் அறை நிறையக் கல்லிருந்தும் பயனில்லை.

இராபர்ட்டு புரூசு பூட்டு என்பார் 1863 மே திங்களில் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டார். அவ்வாண்டிலேயே வில்லியம் கிங்குடன் கொற்றலையாற்றை அடுத்த அத்திரம்பாக்கத்திலும் கண்டார். (கொற்றலையைக் கொசத்தலை என்பாரை என் செய்வது!) அவர் திரட்டியவை 1904-இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1912-இல் அவர் மறைந்தார். கல் கிடைத்த இடங்களைக் கூறும் பட்டியல் 1914-இல் அச்சேறியது. அயலார் எனினும் இடத்தை எழுதிவைத்தார். தமிழாசிரியனாகிய யான் எழுதவில்லை.

அதே அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தனர். ஆழத்தே புதையுண்ட கருவிகள் ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டுப் பழமையுடையன என 2011-இல் வெளியிட்டனர். விண்கதிர் பட்டுக் கல்லுள் தோன்றும் நுண்பொருள்கள், கல் மண்ணுள் மறைந்தபின் எவ்வளவு தேய்ந்தன என அளந்து கணித்த காலம் அது. என் மேசைக்கல்லுக்கு இவ்வளவை உதவாது.

நம்மவர் சிலர் இக்கணக்கைக் கேட்டதும், "அக்கல்லைச் செதுக்கியவன் தமிழனே" என முழங்குகின்றனர். வேண்டா. இன்றைய மாந்தவினம் தோன்றுமுன் வாழ்ந்தோர் அவர்; அவர் மொழியை அறிந்தார் எவருமிலர். தமிழின் தொன்மைக்கு இரவற்சான்று எதற்கு? நம் மண்ணிற் கிடந்ததனால் காக்கும் கடன் நமக்குண்டு, அவ்வளவே.

பூண்டியில் 1985-இல் தொல்லியல் துறை அமைத்த அகழ்வைப்பகத்திற்கு அடுத்த திங்கள் செல்கின்றோம். மாணாக்கர் பை கொணர வேண்டா. குறிப்பேடும் எழுதுகோலும் போதும். கல்லைக் கண்டால் கிடந்தவாறே விட்டு, இடத்தை எழுதிக்கொண்டு என்னிடம் வருக.